பதினேழு மேற்படிக் குறிகள்

குளிர்பதனப் பெட்டியின் சாவி நாளை முதல் உங்களிடம் இருக்கும். அதற்குப் பக்கத்து அலமாரியில் பச்சை அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்றைக்காவது அதைப் புரட்டுவீர்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க அடித்தலும் திருத்தலும் என் கையெழுத்துமாக இருக்கும். அது என்ன என்று கொதிகலன் பார்க்கும் பாயிடம் கேட்பீர்கள். அவர் சிரிப்புக் காட்டிச் சொல்வார், பாதிதான் உண்மையாக இருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பணி அனுபவம் சொல்கிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். எனக்கு இன்னும் முப்பத்திரண்டு முடியவில்லை. வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் திண்டுக்கல்லின் ஏழு கோடைகளை இந்தத் தகரக் கொட்டகையில் கழித்திருக்கிறேன். அதைப் பணிக்காலமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாம் இங்கே செய்வது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் கட்டையை அரைத்து, வேகவைத்து, நொதி சேர்த்தால் அதன் நார் சர்க்கரையாகும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனால் கொடுக்கும். சிக்கல் ஒன்றுதான். நொதிக்குச் சூடு வேண்டும், சாதாரண ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி வேண்டும். மற்ற ஊர்களில் தொட்டியைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விப்பார்கள். நான் சேர்ந்த காலத்தில் இந்த ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்தச் சில ஆண்டுகளில் மழை தொடர்ந்து ஏமாற்றியது. குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்பதை வைத்துத்தான் வீடுகளில் துணி துவைக்கும் நாளும் விருந்தாளி வரும் நாளும் முடிவாயின. அப்படிப்பட்ட ஊரில் தொட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சூடு தாங்கும் ஈஸ்ட். குளிர்விக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கோடையிலும் ஓடும் தொட்டி. இந்தப் பிரிவு தொடங்கப்பட்டதே அந்த ஒரு வாக்குறுதியின் பேரில்தான்.

அந்த ஈஸ்ட்டை எங்கள் பிரிவுத் தலைவர் நெய்க்காரப்பட்டியில் கண்டுபிடித்தார். அவரை இன்றும் எல்லோரும் சார் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். சேர்ந்த முதல் மாதத்தில் என்னையும் அங்கே அழைத்துப் போனார். வெல்லம் காய்ச்சும் ஆலையில் கொப்பரைக்குப் பக்கத்தில், பாகிலிருந்து வழித்துப்போட்ட அழுக்கு ஒரு குவியலாகக் கிடந்தது. அடுப்பின் வெக்கை நாள் முழுக்க அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டிலும் அது நுரைத்துக் குமிழி விட்டது. சார் சின்னக் கரண்டியால் அதைச் சீசாவில் அள்ளினார்.

ஆலைக்காரர் பதறிப்போனார். "ஏனுங்க, நல்ல வெல்லம் அந்தப் பக்கம் இருக்குதுங்க. இது கெட்டுப்போனதுங்க."

"கெட்டுப்போனதுதாங்க எங்களுக்கு வேணும்" என்றார் சார்.

ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் படிச்சீங்களா அம்மணி?"

எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். என் ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி, அதற்கு மேல் இரண்டு ஆண்டு நுண்ணுயிரியல் என்று படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தபோது, என்ன வேலை என்று அம்மா கேட்டாள். புளிக்க வைக்கும் வேலை என்று எளிமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். "மாவு புளிக்க வைக்கவா இம்புட்டுப் படிச்ச? நான் படிக்காமயே வாரம் ரெண்டு தடவ செய்யிறேனே" என்றாள். தெருவில் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாலும், சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்திருக்கும்.

வேலையில் சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முந்தின வாரம் முழுக்க நோட்டில் போட்டுப் பழகிய கையெழுத்து அது. ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், என் பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று எங்கள் வீட்டார் தொட்ட காகிதங்களில் எல்லாம் இருந்தது பெருவிரல் மைதான். அன்று என் பெயரின் கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து முடித்தபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். பெருமை நல்லதுதான். என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததே அதுதான். ஆனால் நான் செய்த தப்பும் அதிலிருந்தே முளைத்தது.

ஈஸ்ட்டை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழைய சோதனைக் குழாயிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்றி வளர்க்க வேண்டும். புதியது வளர்ந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். இது நீங்களும் செய்யப்போவதுதான். சார் வைத்த விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் சூடுபெட்டியில், நாற்பத்திரண்டு டிகிரியில்தான் வளர்க்க வேண்டும். பதிவேட்டின் வெப்பநிலைக் கட்டத்தில் அவரே முதல் வரியில் 42 என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தச் சூட்டில் அது வளர்வதைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். சின்னச் சின்னதாய், சாம்பல் நிறத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் புள்ளி வைத்ததுபோல் வரும். சில முறை பாதிக் குழாய் வெறுமையாக இருக்கும். வேறு பிரிவுகளிலிருந்து வருபவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வரவே இல்லையா?" என்று கேட்டுப் போவார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒரு நாள் மின்சாரம் போய்ச் சூடுபெட்டி ஆறிவிட்டது. கருவிகள் இருக்கும் ஏசி அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டு. இந்த ஒரு தடவை மட்டும் என்று குழாய்களை அங்கே வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கெட்டித் தயிரின் ஆடைபோல், வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று வளர்ந்திருந்தது. அவ்வளவு அழகை அந்த ஈஸ்ட்டிடம் நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் காட்டினேன். "உங்க கை ராசியான கை" என்று ஒருவர் சொன்னார்.

அடுத்த முறை மின்சாரம் இருந்தது. ஆனாலும் ஏசி அறையில்தான் வைத்தேன். அதற்கடுத்த முறையும் அப்படியே. பதிவேட்டில் என்ன எழுதினேன்? பொய் என்று நினைத்து எதையும் எழுதவில்லை. மேல் வரியில் இருப்பதே கீழேயும் என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போடுவோமே, அந்த மேற்படிக் குறியைப் போட்டுக்கொண்டு வந்தேன். தேதி மட்டும் மாறும். மற்றக் கட்டங்களில் எல்லாம் குறி. கை தானாகப் போடும். சாரின் 42-க்குக் கீழே எட்டு மாதத்தில் பதினேழு குறிகள் சேர்ந்தன.

அந்த எட்டு மாதத்தில் பாதி மழை மாதமும் பனி மாதமும். வெளியே குளிர்ச்சியாக இருந்ததால் தொட்டியின் சூடு தானாகவே குறைந்துகொண்டிருந்தது. வைத்த சோதனைகள் எல்லாம் நன்றாகவே போயின. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

மே மாதம் வந்தது. இந்தப் பிரிவைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்யும் குழு ஒரு திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. சுட்டெரிக்கும் மே மாதத்தில், குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் தொட்டி ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பிரிவு மூடப்படும். எங்களில் ஒருவருக்கும் நிரந்தர வேலை இல்லை. எனக்கு வேலை போனால் அடுத்த வாரமே அம்மா மறுபடி தோட்டத்துக்குப் போயாக வேண்டும். அவளை வேலைக்குப் போகாதே என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

அதற்கு முந்தின திங்களன்று தொட்டியைத் தொடங்கினோம். செவ்வாய் மதியம் கொதிகலன் இயக்கும் பாய் ஆய்வக வாசலில் வந்து நின்றார். அவர் திண்டுக்கல்காரர், முன்பு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர், எங்கள் எல்லோரையும் கிண்டல் செய்கிறவர்.

"என்னம்மா, உன் டாங்க்கு பேச்சை நிறுத்திருச்சு."

தொட்டியிலிருந்து வரும் வாயு ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்ச் சீசாவுக்குள் குமிழியாக வரும். அந்தச் சத்தத்தைத்தான் அவர் தொட்டியின் பேச்சு என்பார். போய்ப் பார்த்தேன். சீசாத் தண்ணீர் அசையாமல் நின்றது. தொட்டியின் வெப்பமானி நாற்பத்திரண்டைக் காட்டியது.

சார் வந்தார். அமிலம் கூடிவிட்டதோ, கட்டை சரியாக வேகவில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சோதித்துச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அவர் சொன்னார், "காலையில ஒரு லாரித் தண்ணிக்குச் சொல்லுங்க பாய். முப்பதுக்கு இறக்கிப் பிழைக்க வச்சிருவோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சூட்டை ஏத்திக்கலாம்."

பாய் முகம் சுளித்தார். "எங்க தெருவுல பன்னெண்டு நாளா தண்ணி வரல. டாங்க்குக்கு லாரியில வருதுன்னு தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாங்க சார்."

"எனக்கு மட்டும் ஆசையா பாய்?"

முப்பது என்ற சொல் காதில் விழுந்த நொடியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். பதினேழு குறிகளும் வரிசையாக நின்றன. எட்டு மாதம் ஏசி அறையில் வளர்த்த ஈஸ்ட்டைக் கொண்டுபோய் நாற்பத்திரண்டு டிகிரித் தொட்டியில் தள்ளியிருக்கிறேன். வெல்ல ஆலையின் அடுப்பங்கரையில் பிறந்த ஒன்றைச் சூடே ஆகாததாக மாற்றியது என் கை.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அன்று பேருந்தில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் நான் யோசித்தது, சொல்லாமல் இருப்பதைப் பற்றித்தான். காலையில் லாரி வரும். தொட்டி குளிரும். குமிழி வரும். ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும், நானும் பிழைத்துக்கொள்வேன். பதிவேட்டில் எல்லாம் 42 என்றுதான் இருக்கிறது. யார் கேட்கப்போகிறார்கள்?

வீட்டில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏத்தா, மொகம் செத்துப்போயிக் கெடக்கு?" என்றாள் அம்மா.

"வேலையில ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா."

"வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டாகளா?"

"இன்னும் இல்ல. நான் இன்னும் யார்ட்டயும் சொல்லல."

"அப்பச் சாப்பிட்டுட்டுப் போயிச் சொல்லு. வெறும் வயித்தோட திட்டு வாங்குனா மயக்கம் வரும்."

சொல்லாமல் இருக்கலாம் என்பது அவள் யோசனையிலேயே வரவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வைத்திருந்த கத்தரிக்காயை இன்னும் இரண்டு கரண்டி அள்ளித் தட்டில் போட்டாள்.

புதன் காலை நான் போய்ச் சேர்ந்தபோது லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. சார் அறைக்குப் போய்ப் பதிவேட்டை அவர் மேசைமேல் விரித்து வைத்தேன். "இந்தக் குறி எதுவும் உண்மையில்ல சார். எல்லாம் ஏசி ரூம்ல வளர்த்தது" என்றேன்.

அவர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "எத்தனை மாசமா?"

"எட்டு."

"பழைய குழாய் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். மாத்த மாத்தத் தூக்கிப் போட்டாச்சு."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப எனக்குக் கோபப்பட நேரமில்லம்மா. நாளைக்குக் கோபப்படுறேன்."

பிறகு சன்னல் வழியாகப் பாயைக் கூப்பிட்டார். "தண்ணி வேண்டாம் பாய். தண்ணிய ஊத்தி ஓட்டிட்டு, தண்ணியில்லாம ஓடுதுன்னு சொல்ல முடியாது. டாங்க்கைத் திறந்து விட்டுருங்க. நான் குழுவுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"அப்ப லாரி?"

"உங்க தெருவுக்கே அனுப்புங்க."

நான் ஆய்வகத்துக்கு வந்தேன். அழ வேண்டும் என்றுதான் வந்தேன். மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் முந்தின நாள் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரிக் குப்பி இருந்தது. அன்று காலை பாய் எடுத்து வைத்த குப்பியும் இருந்தது. என்னால் செத்ததை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. காலைக் குப்பியிலிருந்து ஒரு துளியை எடுத்து நீலச் சாயம் கலந்து பார்த்தேன். செத்த செல் நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். உயிரோடு இருப்பது நிறமில்லாமல் நிற்கும். கண்ணில் பட்டதெல்லாம் நீலம். கண்ணாடித் தகட்டை நகர்த்தினேன். நீலம். இன்னும் நகர்த்தினேன். ஓரத்தில் ஒன்று, கண்ணாடி மணிபோல் தெளிவாக. அதன் தோளில் சின்ன மொட்டு. அதாவது உயிரோடு இருப்பதோடு நில்லாமல், அந்தச் சூட்டில் குட்டியும் போட்டுக்கொண்டிருந்தது.

வேறு துளி எடுத்தேன். அதிலும் இரண்டு கிடைத்தன.

அப்போது எனக்குத் தோன்றியது இதுதான். நான் கெடுத்தது கெட்டுப்போய்விட்டது. ஆனால் கெட்டுப்போகாத சில அதற்குள் இருந்திருக்கின்றன. தொட்டியே அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டது. இரண்டு நாள் அந்தச் சூட்டில் தாக்குப்பிடித்தது எதுவோ அதுதான் நெய்க்காரப்பட்டி ஈஸ்ட். தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்திருந்தால் ஏசிக்குப் பழகிய சோம்பேறிகளில் மிஞ்சியவை பெருகி இந்தச் சிலவற்றை மூழ்கடித்திருக்கும்.

அடுத்த நொடி திறப்பு வால்வு நினைவுக்கு வந்தது. ஓடினேன். தரையில் பழுப்பு நிறக் கூழ் சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாய், மூடுங்க! உள்ள உயிர் இருக்கு."

"யாருக்கு?"

"மூடுங்க முதல்ல."

மூடிவிட்டுத்தான் பேசினார். "கால்வாசி போயிருச்சும்மா. உயிர் இருந்தது அந்தக் கால்வாசியில போயிருந்தா என்னையக் கேக்கக் கூடாது."

குழுவின் எண் இன்னும் கிடைக்காமல், கம்பியில்லாத் தொலைபேசியைக் கையில் வைத்தபடி சார் வெளியே வந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். அவர் கை தகட்டை நகர்த்துவதையும் நிறுத்துவதையும் எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு தொலைபேசியை அதன் இடத்தில் வைத்தார்.

"அஞ்சு நாள் இருக்கு" என்றார்.

தொட்டியிலிருந்து ஒரு பீப்பாய் அளவு எடுத்து, வெல்லத் தண்ணீர் ஊற்றி, நாற்பத்திரண்டிலேயே வைத்து, அந்தச் சிலவற்றைப் பெருக்க வேண்டும். வேறு கிருமி புகுந்து கெடாமலிருக்க, தொட்டியில் மீதி இருந்ததைச் சார் மறுபடி கொதிக்க வைத்தார். குளிர்விக்கத் தண்ணீர் இல்லாததால் அது தானாக ஆற இரண்டு நாள் ஆகும். ஆறியதும் நொதியும் ஈஸ்ட்டும் சேர்க்கலாம். பீப்பாய் சூடுபெட்டிக்குள் நுழையாது. மின்சாரத்தையும் நம்ப முடியாது. எப்போதும் சூடாக இருக்கும் இடம் இந்த வளாகத்தில் ஒன்றே ஒன்றுதான். பாயின் கொதிகலன் அறை.

"மே மாசத்துல என் ரூம்ல நானே செத்த நேரந்தான் உக்காருவேன்" என்றார் பாய். "ஏசி ரூம் புள்ள நீ, கருகிப் போவ."

"கருகுனா பரவால்ல பாய்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தார். பீப்பாயை அவர் அரை அடி தள்ளி வைப்பார், அரை அடி இழுத்து வைப்பார். சூடு நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் இடையில் நின்றது. மாலையில் அடுப்பை அணைத்த பிறகும் செங்கல் சுவர் சூட்டை விடியும்வரை பிடித்து வைத்திருந்தது. நான் மணிக்கொரு தரம் வெப்பமானியைப் பார்த்து எண்ணை எண்ணாகவே எழுதினேன். அந்த மூன்று நாளில் ஒரு மேற்படிக் குறிகூடப் போடவில்லை.

வியாழன் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பாய் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் தெருக் கதையைச் சொன்னார். லாரி போய் நின்றதும் பெண்கள் குடங்களோடு ஓடிவந்து, யார் அனுப்பியது என்று கேட்டார்களாம். "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு தப்புப் பண்ணிருச்சு, அதனால வந்துச்சுன்னு சொன்னேன். அடுத்த தப்பு எப்பப் பண்ணும்னு கேட்டு வரச் சொன்னாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக வராத சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

வெள்ளி மதியம் பீப்பாயில் மாட்டியிருந்த சீசாவில் ஒரு குமிழி வந்தது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பேசிருச்சு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கண்ணால் பார்த்த அழகை நம்பி ஒரு முறை ஏமாந்தவள். கண்ட பாக்டீரியாவும் குமிழி விடும். முதலில் முகர்ந்தேன். புளித்த வாடை இல்லை. பழுத்த பழத்தின் மணம்தான் வந்தது. ஒரு துளியை எடுத்துப்போய்ச் சாயம் போட்டுப் பார்த்தேன். கண்ணில் பட்ட இடமெல்லாம் தெளிவான மணிகள், மொட்டு மொட்டாக. நீலம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தேன். எட்டு மாதமாகத் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அது மூட்டை என்பதுகூட இறக்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை பீப்பாயைத் தொட்டியில் சேர்த்தோம். திங்கள் காலை குழு வந்தபோது தொட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. சார் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. கால்வாசிக் கூழ் சாக்கடைக்குப் போனதையும், சொன்ன அளவுக்கு எத்தனால் கிடைக்காது என்பதையும், ஏன் கிடைக்காது என்பதையும் வரிசையாகச் சொன்னார். என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கி அவர்களிடமே நீட்டினார். குழுவில் இருந்த ஓர் அம்மா பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்துக் கேட்டார், "குளிர்விக்க எவ்வளவு தண்ணி செலவாச்சு?"

"ஒரு குடங்கூட இல்லம்மா. இந்தப் புள்ள மொகங் கழுவுனதுதான் செலவு."

மூன்று வாரம் கழித்து, இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரலாம் என்று கடிதம் வந்தது. சார் அதைப் படித்துக் காட்டியதும், பாய் போய் எல்லோருக்கும் பிரியாணி சொல்லிவிட்டு வந்தார். நான் சாரிடம் தனியாகப் போய், "நாளைக்குக் கோபப்படுறேன்னு சொன்னீங்களே சார்" என்றேன். "வேலை வந்துருச்சும்மா, தள்ளிப் போட்டிருக்கேன்" என்றார். நேற்று விடைபெறப் போனபோதும் அதைத்தான் கேட்டேன். இன்னும் பாக்கி இருக்கிறது என்றார். அவர் கோபத்தை நீங்கள் வசூலித்துக்கொள்ளலாம்.

கடிதம் வந்த அன்று பதிவேட்டை அவர் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நல்ல காகிதத்தில் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நடந்ததை அதுக்கு மேலயே எழுதிக் கையெழுத்துப் போடு."

உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு குறியையும் ஒரு கோடால் அடித்தேன். அடித்தது கீழே தெரிகிறமாதிரிதான் அடித்தேன். பக்கத்தில் ஏசி அறை என்று எழுதி, ஞாபகம் இருந்தவரை வெப்பநிலையை எழுதினேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் கையெழுத்தைப் போட்டேன். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குழாயில் இருப்பது சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக வந்தால் கவலைப்படாதீர்கள். வெண்ணெய்போல் அழகாக வந்தால் உடனே சூடுபெட்டியின் வெப்பமானியைப் போய்ப் பாருங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை எழுதுங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். தொட்டியைத் திறந்துவிடும் முன் ஒரு துளியைச் சாயம் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு முறை அம்மாவை இங்கே அழைத்துவந்தபோது அவளிடமும் அதைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்க முடியாது. ஓரத்தில் வரிசையாக இருந்த சுழிகளின்மேல் பெருவிரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று கீழே வரை எண்ணிக்கொண்டு போனாள்.

"பதினேழு எடத்துல ஓம் பேரா?" என்றாள்.

"ஆமாம்மா. பதினேழும் நான் பண்ணுன தப்பு."

"இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அந்த விரலில் முந்தின வாரம் பட்ட ரேஷன் கடை மையின் நீலம் நகக்கண்ணில் இன்னும் மிச்சமிருந்தது.